இரவுப் பெட்டியில் என் முகம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாற்பது கோப்பைக்கு மேல் உறிஞ்சித் துப்பியாயிற்று. அத்தனையும் கிரீன் டீ. கறுப்புத் தேயிலையாக இருந்தால் சாயங்காலம் நாக்கு தடித்துப் போகும், அவ்வளவுதான். இது அப்படியில்லை. நனைந்த புல்லை வாயில் அடைத்துக்கொண்டு வீடு திரும்புகிற மாதிரி இருக்கிறது. கையில் அந்த வாடை, தலைமுடியில் அந்த வாடை. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு அது பிடிக்கவில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். தேயிலைக் கம்பெனியின் சுவைஞருக்குத் தேயிலை என்றால் குமட்டல்!

மாமாவை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்புகிறதாம். மாத்திரை எழுதிக் கொடுத்து, டீ, காபி இரண்டையும் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார் அந்த அம்மா. என் மாமனார் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வரும் வழியில் எனக்கு விளக்கினார்: "மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ரிலேலதான் கொஞ்சம் கோளாறு. பயப்படாதம்மா."

மாமியார் போனதிலிருந்து ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை என்றும் டாக்டரிடம் சொன்னார். எனக்கு அது புதுச் செய்தி. நான் ஒன்பது மணிக்குப் படுத்தால் மரக்கட்டை. விடியுமுன் எழுந்து ஓடவேண்டும், நாக்கு புதிதாக இருக்கும்போதே வேலையை முடிக்கவேண்டும். பக்கத்து அறையில் ஒரு மனிதர் விழித்துக் கிடப்பது எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர் கப்பலில் எலக்ட்ரீஷியன், ஆறு மாசத்துக்கு ஒரு தரம்தான் தலையைக் காட்டுகிறார். அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

மார்ச் 6, வியாழன்

சின்னவர் கூட்டம் போட்டார். முதலாளி பெரியவரின் மகன், விற்பனைப் பொறுப்பை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறார். அவர் பூசியிருந்த சென்ட் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. சுவைக்கூடத்துப் பக்கம் சென்ட் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கிறது. முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு யார் படித்துக் காட்டுவது?

"கிரீன் டீ குடிக்க பெஸ்ட் நேரம் எது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

கணக்குப் பிரிவு அம்மா காலையில் வெறும் வயிற்றில் என்றார். வண்டிப் பிரிவில் ஒருவர் சாப்பிட்ட கையோடு என்றார், கொழுப்பு கரையுமாம். வாசல் காவலர்கூட ஒரு நேரம் சொன்னார். என்னிடம் வந்தது. "வெறும் வயித்துல குடிச்சா குமட்டும். சாப்பாட்டோட குடிச்சா சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேராது. பொழுது சாஞ்சு குடிச்சா தூக்கம் கெடும். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவுல ஒரு கப் குடிக்கலாம், பிடிச்சா" என்றேன்.

"ஒரு கப்பா? நீங்க இந்தக் கம்பெனியிலதான் வேலை பாக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பிறகு அவர் பலகையில் 'நேரம்' என்று பெரிதாக எழுதி, இனிமேல் நாம் இலை விற்கப் போவதில்லை, நேரம் விற்கப் போகிறோம் என்றார். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

மூன்று மாதிரிகள் வந்தன. காலை, மதியம், இரவு என்று ஒட்டியிருந்தது. எடை போட்டேன். கொதி அடங்கிய தண்ணீர் ஊற்றி மூடினேன். வடித்துக் கரண்டியில் எடுத்து உறிஞ்சினேன். சர்ரென்று சத்தம் வர உறிஞ்சினால்தான் மூக்குக்கும் நாக்குக்கும் ஒருசேர எட்டும். கல்யாணமான புதிதில் வீட்டில் சூப்பையும் இப்படி உறிஞ்சி மாமியாரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன். துப்பினேன். மறுபடி உறிஞ்சினேன், மறுபடி துப்பினேன். துப்பல் தொட்டியை முழங்காலால் தள்ளிக்கொண்டே மேசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

மூன்றும் ஒன்று. ஒன்று போல இல்லை, ஒன்றேதான்.

கலவைக் கூடத்து அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் கைத் தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "மூணும் ஒரே மூட்டைக்குப் பொறந்த பிள்ளைங்கம்மா. ராத்திரிப் பெட்டிக்கு மட்டும் அழகுக்கு ரெண்டு காஞ்ச பூ போடச் சொல்லியிருக்காங்க. அந்தப் பூவுக்கு வாசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தலையணைப் பஞ்சு மாதிரி இருக்கு."

மார்ச் 12, புதன்

சின்னவரிடம் சொன்னேன். "தெரியுமே" என்றார். அவ்வளவு சாதாரணமாக! "குடிக்கிறவங்க நாக்கு உங்க நாக்கு இல்லையேம்மா. காலையில உற்சாகம், மதியம் செரிமானம், ராத்திரி நிம்மதி. ஜனங்களுக்கு நேரம் சொல்ல ஒரு ஆள் வேணும். நாம சொல்றோம்."

இரவுப் பெட்டிதான் மூன்றிலும் விலை கூட. தலையணைப் பஞ்சுக்கு.

என் முத்திரை விழாமல் ஒரு சாக்கும் கூடத்தை விட்டு நகராது. போட்டேன். இலையில் குறையில்லை. பூஞ்சை இல்லை, புகை வாடை இல்லை, பழசு கலக்கவில்லை. நான் முத்திரை போடுவது இலைக்கு, பெட்டிக்கு அல்ல. எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 19, புதன்

இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். பெட்டியின் மேல் சுவைஞரின் படம் போடப் போகிறார்களாம். 'எங்கள் தலைமைச் சுவைஞர் பரிந்துரைக்கும் நேரம்.' தலைமைச் சுவைஞர் என்று இன்றைக்குத்தான் ஆனேன், அதுவும் பெட்டிக்காக. எனக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது. யாருக்குத் தலைமை?

முகத்தில் மாவை அப்பினார்கள். வெள்ளைக் கோட்டு ஒன்றை மாட்டினார்கள். வாடகைக் கோட்டு. கக்கத்தில் யாருடைய வியர்வையோ, கழுத்தில் யாருடைய பவுடரோ. மேலிருந்து இரண்டாவது பித்தான் இல்லை. "கோட்டு எதுக்கு? நான் என்ன டாக்டரா?" என்றேன். படம் எடுக்கிறவர், "டாக்டர்னு நாங்க எங்க போட்டோம்? பாக்கறவங்க நெனச்சா நாம என்ன பண்றது?" என்றார். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

நன்றாக விழுந்திருந்தது படம். அதுதான் எரிச்சல். அவ்வளவு அருவருப்பிலும் இரண்டு முறை வாங்கிப் பார்த்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பெட்டிகள் வந்துவிட்டன. இரவுப் பெட்டி கருநீலம், மேலே நிலா, நிலாவுக்குப் பக்கத்தில் நான். அச்சு மை வாடை மண்டையைப் பிளக்கிறது.

வீட்டுக்கு ஒரு செட் கொடுத்தார்கள். மாமா வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். கூடத்து அலமாரியில் மாமியார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "பார்த்தியா உன் மருமகளை" என்று படத்திடம் சொன்னார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். பொல்லாத மனுஷி, அவள் இருந்திருந்தால் பித்தான் இல்லாததைத்தான் முதலில் பார்த்திருப்பாள்.

ஏப்ரல் 10, வியாழன்

மாமா கட்டடம் முழுக்கப் பெட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் மாடி டீச்சருக்கு, கீழ்வீட்டுத் தையற்காரருக்கு, மருந்துக்கடைக்காரருக்கு. "இன்னும் நாலு பெட்டி கெடைக்குமாம்மா?" என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. படிக்கட்டில் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்களை இப்பதான் எங்க வீட்டுல பார்த்துட்டு வரேன்!" என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது.

ராத்திரி சாப்பிடும்போது மாமா கேட்டார்: "பெட்டியில போட்டிருக்கற நேரத்துலதான் குடிக்கணுமா? கேக்கறாங்க எல்லாரும்." இன்றைக்கு ஏகப்பட்ட சரக்கு வந்திருந்தது. வாய் செத்துக் கிடந்தது. "போட்டிருக்கில்ல மாமா. அதான் நேரம்" என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இந்த மாத விற்பனையில் இரவுப் பெட்டிதான் முதல். கேக் வெட்டினார்கள். கேக்குக்குள் பச்சைத் தூள்.

மே 8, வியாழன்

வீட்டில் ஒரு வேடிக்கை. வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாய் இன்று காலையில் ஒழுகவில்லை. போன வாரம் மிக்ஸியின் மூடி. அதற்கு முந்தைய வாரம் கதவின் கிறீச்சல். கத்தியெல்லாம் தீட்டி வைத்திருக்கிறது, இன்று தக்காளி நறுக்கப் போய் விரலை நறுக்கிக்கொண்டேன். "எப்ப மாமா செஞ்சீங்க?" என்றால் "சும்மா, காலையில" என்கிறார். நானே விடியுமுன் எழுகிறவள். எனக்கு முன்னால் எது காலை?

மனிதருக்குப் புது உற்சாகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இவர்கூட கப்பலிலிருந்து பேசும்போது, "அப்பா என்ன படபடன்னு பேசறாரு! நல்லா இருக்காரு போல" என்று சந்தோஷப்பட்டார்.

மே 20, செவ்வாய்

சுவர்க் கடிகாரம் ஓடுகிறது! மாமியார் கொண்டுவந்த சீதனம், சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். நான் வாக்கப்பட்டு வந்த நாளாக அது ஓடிப் பார்த்ததில்லை. மாமா அதைப் பிரித்து எண்ணெய் விட்டுப் பூட்டியிருக்கிறார். தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். "அது என் பொறுப்பு, ராத்திரி நான் குடுத்துடறேன்" என்றார்.

அவர் கை லேசாக நடுங்கியது. வயசு, என்று நினைத்தேன்.

மே 27, செவ்வாய்

கம்பெனிக்குக் கடிதங்கள் வருகின்றன. 'உங்கள் இரவுத் தேநீர் குடித்தும் தூக்கம் வரவில்லை, என்ன செய்யலாம்?' என்று ஒரு அம்மாள் கேட்டிருக்கிறார். சின்னவர் ஆபீஸிலிருந்து பதில் போயிருக்கிறது: 'தொடர்ந்து பருகி வாருங்கள்.' கீழே என் பெயர், என் கையெழுத்து. அச்சடித்த கையெழுத்து. நான் போட்டதே இல்லை.

தூ.

ஜூன் 9, திங்கள்

மாமா விழுந்துவிட்டார்.

கட்டடத்து லிஃப்ட் நின்றுவிட்டதென்று தன் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், மேலே மோட்டார் அறையிலிருந்து இறங்கும்போது படியில் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். தையற்காரர் கூப்பிட்டார். நான் போனபோது படியில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் காயம். "லிஃப்ட் சரியாயிடுச்சும்மா" என்றார் முதலில்.

அதே டாக்டர் அம்மா. நாடியைப் பிடித்தவுடன் முகம் மாறியது. கருவியை மாட்டினார்கள். காகிதத்தில் வந்த கோடு எனக்கே புரிந்தது, அவ்வளவு கோணல்மாணல்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு வேளை விடல டாக்டர்."

"டீ, காபி?"

"தொடறதே இல்ல. நீங்க சொன்ன அன்னிக்கே விட்டாச்சு."

"தூக்கம்?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதுதான் சரியா வரல. ஆனா அதுக்கு ராத்திரி இலை குடிக்கறேன். என் மருமக கம்பெனிதான். மொதல்ல ஒரு கப்தான் குடிச்சேன். அப்பறமும் வரலன்னா இன்னொண்ணு. சில நாள் மூணு, நாலு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கிரீன் டீயா?" என்றார்.

"டீ இல்ல டாக்டர், ராத்திரி இலை. தூக்கத்துக்குன்னே இருக்கு. பெட்டியிலயே போட்டிருக்கு, பையில வெச்சிருக்கேன், பாருங்க." எடுத்து நீட்டினார். டாக்டர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மறுபடி பெட்டியை.

 

ஜூன் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். துடிப்பு அடங்கி வருகிறது என்கிறார்கள்.

எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. தேயிலையை நாலு அடி தள்ளி நின்று மோந்தே எந்தப் பருவத்து இலை என்று சொல்கிறவளாம் நான்! என் வீட்டு அடுப்படியில் ராத்திரிக்கு ராத்திரி ஊறிய இலையின் வாடை எனக்கு எட்டவில்லை. என் மேலேயே அந்த வாடைதானே. எது வீடு, எது நான் என்று எனக்கு எப்படிப் பிரிக்கத் தெரியும். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, குழாயை ரிப்பேர் பண்ணியிருக்கார். கத்தி தீட்டியிருக்கார். கடிகாரத்தைப் பிரிச்சுப் பூட்டியிருக்கார். நான் அதைப் பாத்து உற்சாகம்னு நெனச்சேன். என்ன பொம்பளை நான்?

சாயங்காலம் கேட்டேன். ஏன் மாமா என்னிடம் சொல்லவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் அதை நிறுத்தித் தொலைக்கக் கூடாதா என்று. கத்திவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கட்டடம் முழுக்கக் குடிக்கறாங்க. டீச்சர் நல்லா தூங்கறேன்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் வேலை செய்யலன்னா கோளாறு என் உடம்புலதானே இருக்கணும்? நீ சரியில்லாத சரக்குக்கு மூஞ்சி குடுப்பியா? நீயே சொன்னியே, அதான் நேரம்னு."

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. அப்படிக் குத்தத் தெரியாத மனிதர். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

சின்னவரிடம் போனேன். இரவுப் பெட்டியை நிறுத்துங்கள், குறைந்தது என் படத்தையும் 'இரவு' என்பதையும் எடுங்கள் என்றேன். "ஐயோ, இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார், பொய் சொல்லக்கூடாது. நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் வரவழைத்தார். பிறகு சொன்னார், உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதாம்.

எங்கே? அடிமடிப்பில், பசை தடவுகிற இடத்துக்குப் பக்கத்தில், எறும்பு மாதிரி எழுத்தில். பெட்டியைக் கிழித்தால்தான் படிக்க முடியும்.

"இதை யாரு கிழிச்சுப் படிப்பாங்க?" என்றேன். குரல் ஏறிவிட்டது.

"மெதுவா பேசுங்கம்மா. உங்க நாக்குக்குத்தான் இங்க சம்பளம், வாய்க்கு இல்ல."

அந்தச் சென்ட் இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. இரண்டு தரம் குளித்தும் போகவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலத்துக்கு மேல் வெந்நீர் மட்டும்.

ஜூன் 16, திங்கள்

இன்று ஒரு காரியம் செய்தேன். புதுச் சரக்கு வந்தது. காலைப் பெட்டிக்கென்று ஒதுக்கிய சாக்குகளைச் சுவைத்தேன், முத்திரை போட்டேன். மதியத்துக்கும் போட்டேன். இரவுக்கென்று வைத்திருந்ததைச் சுவைத்துத் துப்பிவிட்டு, 'தேறவில்லை' என்று சீட்டுக் கட்டி ஓரமாகத் தள்ளினேன். கலவைக் கூடத்து அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "ஏம்மா, ஒரே வண்டியில வந்த ஒரே சரக்கு இது" என்றார்.

"ராத்திரிக்குத் தேறலண்ணே" என்றேன்.

 அண்ணன் மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைச் சரக்கு அறையில் போட்டார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 18, புதன்

நேற்றும் தேறவில்லை. இன்றும் தேறவில்லை. பத்து மணிக்குச் சின்னவர் பெரியவரைக் கையோடு அழைத்துக்கொண்டு சுவைக்கூடத்துக்கு இறங்கி வந்தார்.

"அப்பா, நீங்களே கேளுங்க. ஒரே சாக்கு, ஒரே இலை. காலைக்குப் பாஸாம், ராத்திரிக்கு ஃபெயிலாம். ஒரே இலை எப்படிப்பா ரெண்டு மாதிரி இருக்கும்?"

"அதைத்தான் நானும் மார்ச்சுலேருந்து கேக்கறேன்" என்றேன்.

 அண்ணன் தொட்டியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துவிட்டார். நான் பெரியவரைப் பார்த்தேன். அவருக்கு நாக்கு உண்டு. இந்தக் கூடத்தைக் கட்டியதே அவர்தான். பழைய சரக்கு கலந்ததென்று ஒரு லாரியையே திருப்பி அனுப்பிய மனிதர். மேசையில் மூன்று கோப்பைகளும் இருந்தன. கரண்டியை எடுத்தார். ஒவ்வொன்றாக உறிஞ்சினார். கடைசிக் கோப்பையில் கொஞ்சம் நின்றார்.

பிறகு துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இலை நல்ல இலைதானேம்மா. விடேன்" என்றார்.

என் கண்ணைப் பார்க்கவில்லை.

சின்னவரைக்கூட ஒரு மாதிரி சகித்துக்கொள்ளலாம், அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொண்டே துப்பிவிட்டுப் போகிற இந்த ஆள்! கரண்டியைக் கழுவி வைத்தேன், மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன், என் படத்தை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மாசத்துக்கு என்ன வழியென்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் யோசித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

மாமா இன்று லிஃப்ட் வேலைக்குப் போகிற மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றால், "குடுத்ததைத் திருப்பி வாங்கப் போறேன்" என்றார். நான் கூடப் போனேன், எங்காவது மறுபடி சாய்ந்துவிடப் போகிறார் என்று.

வீடு வீடாக. மானம் போகிற வேலை. மாமாவுக்கு மானம் ஒன்றும் போகவில்லை. "இது ராத்திரிக்கு இல்லீங்க. நான்தான் தெரியாம குடுத்துட்டேன். இருட்டினப்புறம் குடிக்காதீங்க" என்று அதே மூன்று வாக்கியம். என் பெயரை எடுக்கவே இல்லை. தையற்காரர் உடனே கொடுத்துவிட்டார், "அதான் ராத்திரியெல்லாம் பொத்தான் தெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேனா!" என்றார். மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கடையில் அந்தப் பெட்டிதான் முன்வரிசை.

டீச்சர் மட்டும் தரமாட்டேன் என்றார். "எனக்கு நல்லாத் தூக்கம் வருதே!" எப்போது குடிக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். குடிப்பதேயில்லையாம், வாடை பிடிக்கவில்லையாம். பெட்டி அழகாக இருக்கிறதென்று கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம். மாமாவின் மனம் நோகாமல் இருக்கத்தான் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொன்னாராம்.

 அந்தப் பதிலை நம்பித்தான் மாமா தன் உடம்பைச் சந்தேகப்பட்டிருக்கிறார். யாரும் யார் மனதையும் நோகடிக்காமல் ஒரு ஆளைச் சாகடிக்கப் பார்த்திருக்கிறோம், எல்லோருமாகச் சேர்ந்து.

இலையையெல்லாம் செடித் தொட்டிகளில் கொட்டினோம். பெட்டிகளைக் கிழித்துப் போடச் சொன்னேன். "நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஜூலை 9, புதன்

மருந்துக்கடையில் புதுப் பெட்டி. அதே நிலா, அதே கருநீலம், நிலாவுக்குப் பக்கத்தில் வேறொரு பெண். சின்னப் பெண், அழகான சிரிப்பு. அதே வெள்ளைக் கோட்டு. மேலிருந்து இரண்டாவது பித்தான் இன்னும் இல்லை.

 என் முகம் போனால் போதுமென்று எழுதிக் கொடுத்தேனே, இதற்கா? மாமாவின் மாத்திரையை வாங்கிக்கொண்டு நின்றவள், எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் அந்தப் பெட்டியை எடுப்பதைப் பார்த்தேன். "அது ராத்திரிக்குக் குடிக்காதீங்க, தூக்கம் கெடும்" என்றேன். "பெட்டியில டாக்டரே போட்டிருக்காங்களே" என்றாள். "அது டாக்டர் இல்ல. அது வாடகைக் கோட்டு. நான் போட்டிருக்கேன் அதை, கக்கம் நாறும்" என்றேன். அந்த அம்மாள் பெட்டியை வைத்துவிட்டு என்னை விட்டு இரண்டடி நகர்ந்து நின்றாள். கடைக்காரர் என்னை முறைத்தார்.

முறைக்கட்டும். எப்படியும் மாசா மாசம் அந்தக் கடைக்குப் போகத்தானே வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

சமையல் எண்ணெய்க் கம்பெனியில் சுவை பார்க்க ஆள் எடுத்தார்கள், என்னை எடுத்திருக்கிறார்கள். சம்பளம் குறைவு. இளஞ்சூட்டில் எண்ணெயை உறிஞ்சி, சுழற்றி, துப்பவேண்டும். கிரீன் டீயே அமிர்தம் போலத் தோன்றுகிறது. சேர்ந்தவுடன், பெட்டியில் படம் போடுவீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடிந்து வெகு நேரம் ஆகியிருக்கவேண்டும், வெயில் அடுப்படி வரை வந்துவிட்டது. லீவு நாளென்று நானும் அசந்து தூங்கிவிட்டேன். கூடத்தில் மணி பார்த்தால் கடிகாரம் நின்றிருக்கிறது. எப்போது நின்றதோ. ராத்திரி சாவி கொடுக்க ஆள் விழித்திருந்தால்தானே ஓடும். குளியலறைக் குழாயும் மறுபடி ஒழுக ஆரம்பித்திருக்கிறது, மூன்று நாளாக யாரும் தொடவில்லை.

நானே சாவி கொடுக்கலாமென்று மாமாவின் கருவிப் பையைத் திறந்தேன். திருப்புளிகளுக்கு அடியில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. எடுத்துப் பார்த்தேன். நான். பத்துப் பதினைந்து நான். திருப்பி வாங்கிய பெட்டிகளிலிருந்தெல்லாம் வெட்டி எடுத்திருக்கிறார். நிலா இல்லை, எழுத்து இல்லை, அந்தக் கோட்டும் இல்லை. கழுத்துக்குக் கீழே ஒட்ட வெட்டி எறிந்துவிட்டு, முகத்தை மட்டும் நறுக்கென்று வைத்திருக்கிறார். அவர் தீட்டிய கத்தி.

 அந்தக் கட்டை இருந்த மாதிரியே வைத்தேன். சாவி கையில் கிடைத்தது, அதையும் உள்ளே போட்டு மூடிவிட்டேன். மணி என்ன ஆகிறதென்று தெரியவில்லை. உள்ளே மாமா இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.